படத்தில் ஏறிய கருகமணி

வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை எங்கே அடித்தாலும், பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், திருமலைராயன்பட்டினத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில், வண்ணம் காயாத ஒரு படத்தின் முன்னால் நின்ற சிறுமியாக மறுபடி ஆகிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் பட்டினச்சேரிக் கரையில் மாதக்கணக்காக உட்கார்ந்து, ஆளில்லாத கட்டுமரம், உலரும் வலை, ஈர மணலில் ஒற்றை நாய் என்று எல்லாவற்றையும் மங்கிய சாயங்கால வெளிச்சத்தில், பார்ப்பவர் மனம் கனக்கும்படி வரைந்து, அந்த மண்டபச் சுவரில் மாட்டியிருந்தார். கண்ணால் காணாததைத் தீட்ட மாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். அந்த வரிசையில் என் உம்மா வெள்ளைத் "துப்பட்டி" போர்த்தி, முகம் பக்கவாட்டில் தெரியக் கடலைப் பார்த்து நின்றார்; அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நான். கீழே ஒட்டிய சீட்டில் 'கைம்பெண்' என்று எழுதியிருந்தது.

சரக்குத் தோணியில் இலங்கைக்குப் போன வாப்பாவிடமிருந்து தகவல் இல்லையென்றுதான் உம்மா தினமும் கரைக்குப் போனார். வெளியே கிளம்பினால் எங்கள் பெண்கள் எல்லாருமே, புருஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்துவார்கள். பட்டணத்து மனிதர் வெள்ளையைக் கண்டதும் தானாகவே எங்கள் வாப்பாவைச் சாகடித்துவிட்டார்.

நான் அழுதுகொண்டே ஓடிப்போய்ச் சொன்னதும், ஆண்கள் கூடும் இடத்தை எட்டிப் பார்க்காத உம்மா மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

"இது நாங்க வெளிய வந்தா போத்துறதுங்க. எம் மாப்புள உசுரோட இருக்காங்க."

பார்த்ததைத்தானே போட்டேன் என்று ஓவியர் தடுமாறினார்.

"அப்ப இதையும் பாத்துக்குங்க."

அத்தனை பேர் முன்னாலும் உம்மா துப்பட்டியை விலக்கி, நிக்காஹ் அன்று தாலிபோலக் கழுத்தில் ஏறிய "கருகமணி"யைக் காட்டினார். ஓவியர் சீட்டைக் கிழித்துவிட்டு, படத்தில் துப்பட்டியை விலக்கித் தீட்டி, கழுத்தில் கறுப்பு மணிகளை ஒவ்வொன்றாக வைத்து, படத்தை உம்மாவிடமே கொடுத்துவிட்டார். உருவப்படம் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான "மலக்குமார்" வரமாட்டார்கள் என்று பெரியவாப்பா கடிந்துகொண்டதால், அது சேலைப் பெட்டிக்குள் போனது.

சில நாளில் வாப்பாவின் "மவுத்து"ச் செய்தி வந்தது. படத்தை மண்டபச் சுவரில் மாட்டுவதற்கு முந்திய புயலிலேயே தோணி மூழ்கியிருந்தது. உம்மா கழுத்தைத் திறந்து காட்டிய நேரத்தில் வாப்பா உயிரோடு இல்லை.

கருகமணியைக் கழற்ற வந்த பெண்களிடம் உம்மா கழுத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "படத்துல உள்ளதத் தொடாதீங்க."

இன்று எங்கள் தெருவில் எல்லாம் கறுப்பு புர்கா; வெள்ளைத் துப்பட்டி இல்லை, தோணி இல்லை, உம்மாவும் இல்லை. படத்தில் கடல்கூட வெளிறிவிட்டது. உம்மா கழுத்தில் கருகமணி அப்படியே இருக்கிறது.