மந்திரி தலையில் பஞ்சு

பேருந்தில் முன்னால் நிற்பவரின் தோளில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கை தானாக நீள்கிறது, மடக்கிக்கொள்கிறேன்.

குமாரபாளையத்துத் தறிக்காரர்கள் நாங்கள். சோற்றில், அப்பாவின் புருவத்தில், எங்கே பஞ்சைக் கண்டாலும் கேட்காமல் எடுத்துவிடுவோம்.

என் பத்து வயதில், சேலத்தில் முதல் சதுரங்கப் போட்டி. ஜெயிக்கப் போகிற நேரத்தில், ராஜாவைக் காத்து நின்ற என் மந்திரியின் தலையில் பஞ்சு தெரிந்தது. எடுத்தேன்.

"தொட்ட காயை நகர்த்தியே ஆகோணும்," என்றார் நடுவர்.

"பஞ்சைத்தானுங்க எடுத்தேன்."

"சொல்லிட்டுத் தொட்டிருக்கோணும் சாமி."

மந்திரியை நகர்த்தினேன், தோற்றேன்.

அப்பா கூட வந்திருந்தார். திரும்பும் வழியில் என் தலையில் பஞ்சைப் பார்த்துக் கை நீட்டியவர், பாதியில் நிறுத்தி, "எடுக்கட்டுமா சாமி?" என்றார்.

பேருந்தில் நிற்கும் இவரிடமும் கேட்டுவிட்டு எடுக்கலாம், கேட்கத்தான் அலுப்பாக இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு என்னை யாரும் கேட்டுவிட்டுத் தொட்டதில்லை.