எதிரே டீக்கடையில் டீச்சரைப் பார்க்கவும்

எத்தனால் என்கிற ஆல்கஹாலைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில் என் வகுப்பின் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். பென்சீன் வளையத்தைப் பலகையில் வரைந்தால் கொட்டாவி விடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் கண்ணில் ஒளியோடு குறிப்பெடுப்பார்கள். "மிஸ், இதுக்கு பிராக்டிகல் கிடையாதா?" என்று வருடா வருடம் ஒருவன் கேட்பான். "இருக்கே. பயாலஜி லேப்ல, கெட்டுப்போன லிவரைப் பார்த்துப் படம் வரையணும்" என்பேன். வகுப்பு சிரிக்கும், நானும் சிரிப்பேன். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி நடத்தி, இந்த வயசுப் பிள்ளைகளின் மனசு எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போனது.

எங்கள் குடியிருப்பு அஸ்தினாபுரத்தில். அன்றைக்கு எல்லா வீட்டிலும் குழாய் காய்ந்துவிட்டது. வாட்ச்மேன் ஏதோ விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். சங்கச் செயலாளர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க மோட்டார் அறைக்குப் போனார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குடியிருப்பின் எந்தக் கதவும் அவர் சாவிக்கொத்துக்குத் தெரியாமல் திறக்காது. ஆனால் மோட்டார் அறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார். பதில் இல்லை. உள்ளேயிருந்து பாட்டு மட்டும் வந்தது.

கதவை நெம்பித் திறந்தபோது, மூன்றாம் மாடி வீட்டுப் பையன், பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவன், மோட்டாரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வாந்தி. செயலாளரை அண்ணாந்து பார்த்து, உலகத்தின் அன்பையெல்லாம் குரலில் குழைத்து, "வா மச்சான்" என்றான்.

தண்ணி வரவில்லையே என்று தேடிப்போனோம். தண்ணி அங்கேதான் இருந்தது.

சிரிப்பு அதோடு நின்றது. அவன் உடம்பு சில்லென்றிருந்தது, கண் சொருகிக்கொண்டே போனது. மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும் என்று அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். கீழ்வீட்டு அக்கா அதற்குள் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை உள்ளேயே கொண்டுவந்துவிட்டார். தாம்பரம் மார்க்கெட்டில் அவர்களுக்குச் செருப்புக் கடை. கணவர் கல்லாவில், அக்கா வாடிக்கையாளர் காலடியில். ஆளைப் பார்க்காமல் காலைப் பார்த்தே குடும்பத்தை அடையாளம் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியில் பையனுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த நேரமெல்லாம், அழுதுகொண்டிருந்த அவன் அம்மாவின் கையை அக்கா விடவே இல்லை. மாலையில் அவன் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றான். அவன் அம்மா ஓங்கிய கையை அப்படியே இறக்கி அவன் தலையைத் தடவினார்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் மகன் மிக ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தான். அவனும் பதினொன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் சொல்லாமல் படித்த வரலாறு கிடையாது. பக்கத்தில் போனேன். வாயில் பச்சிலை வாசனை.

"என்னடா மெல்ற?"

"கொய்யா இலைம்மா. பல்லுக்கு நல்லதாம்."

எங்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரம் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. கொஞ்ச நாளாகவே அதில் கைக்கெட்டும் உயரம்வரை இலையே இல்லை. பூச்சி அரிக்கிறது என்று சொல்லி, செயலாளர் இரண்டு தடவை ஆள்வைத்து வேப்பெண்ணெய் அடித்திருந்தார். வாய் வாடையை மறைக்க இலை மெல்லும் அந்தப் பூச்சி எது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள், தூண்களில் சாய்ந்து பெண்கள். காரணம் கண்டுபிடிப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. செல்போன் என்றார் ஒருவர். சினிமா என்றார் இன்னொருவர். ஒவ்வொரு அப்பாவும் தன் பிள்ளை தங்கம் என்றும், அடுத்தவர் பிள்ளைதான் கெடுத்தது என்றும் மிகுந்த மரியாதையோடு சொல்லிக்கொண்டார்கள். என் கணவரும் அந்தச் சேவையில் கலந்துகொண்டார். கடைசியில் செயலாளர் எழுந்தார்.

"எல்லாம் வெளியாளுங்க பண்ற வேலை. கேமரா போட்டுடுவோம். மொட்டை மாடிக்கு ஒண்ணு, மோட்டார் ரூமுக்கு ஒண்ணு."

"சார், ஒரு டவுட்டு" என்றார் கீழ்வீட்டு அக்கா. "அந்த பாட்டில் கடையிலேர்ந்து தானா நடந்து வந்துச்சா?"

செயலாளர் சாவிக்கொத்தைத் தடவினார். அக்கா விடவில்லை.

"எங்க வூட்ல இது ஹராம். ஆனா என் புள்ளையும் உங்க புள்ளைங்க கூடத்தான் விளையாடுது. அது எந்த வூட்டுப் புள்ளைன்னு பாட்டில் கேட்டுகிட்டா உள்ள போகும்? வாங்கிக் குடுத்தது யாருன்னு மொதல்ல பாருங்க சார்."

கூட்டம் கேமராவுக்கு விலை கேட்பதாக முடிவுசெய்து கலைந்தது.

அன்று மாலை மகனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். கத்தவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை ஒன்றொன்றாக அவன் தோளில் போட்டுக்கொண்டே கேட்டேன். இரண்டு கையும் துணியால் நிறைந்திருக்கும் பையன் பொய் சொல்வது கஷ்டம். இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத பாடம்.

"கடையில எங்களுக்குத் தர மாட்டாங்கம்மா. இருபத்தொண்ணு ஆகணும்னு விரட்டிடுவாங்க. ஆனா வெளிய யார்கிட்டயாவது கேட்டா வாங்கித் தருவாங்க."

"யார்கிட்ட?"

"யாராயிருந்தாலும். அண்ணா, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, என்னை அனுப்பிட்டாரு, உள்ள விட மாட்டேங்கறாங்கன்னு சொன்னாப் போதும். பாவம்னு வாங்கித் தருவாங்க."

"முதல்ல எங்கடா குடிச்சுப் பார்த்த?"

அவன் என்னைப் பார்க்காமல், நாங்கள் நின்றிருந்த இடத்தைக் காலால் தட்டிக்காட்டினான். "இங்கதான். கிரிக்கெட் ஃபைனல் அன்னிக்கு. ஐஸ் எடுத்துட்டு வா, மிக்சர் எடுத்துட்டு வான்னு எங்களைத்தானே அனுப்பினாங்க. ஒரு அங்கிள், ஒரு வாய் டேஸ்ட் பாருடா, எப்பத்தான் ஆம்பளை ஆகப்போறன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும்."

துணியெல்லாம் எடுத்து முடிந்திருந்தது. இருந்தாலும் நான் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, மோட்டார் ரூமுக்கு எதுக்குப் போனீங்க?"

"வேற எங்கம்மா போறது? டியூஷன் முடிஞ்சு வந்து கீழ பந்து அடிச்சா, கார்ல படும்னு விரட்டறீங்க. மாடிக்கு வந்தா டேங்க் கெட்டுப்போகும்னு விரட்டறீங்க. எதிர் கிரவுண்ட்ல ஃபிளாட் வந்துடுச்சு. மோட்டார் ரூம்லதான் யாரும் விரட்டல."

இதை அக்காவிடம் சொன்னேன். அவர், "டீச்சர், நாளைக்கு சாயங்காலம் எங்கூட டீ குடிக்க வர்றீங்களா?" என்றார். எந்த டீக்கடை என்று அவர் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பிரதான சாலையிலிருந்து பிரியும் சந்தில் மதுக்கடை. நேர் எதிரே டீக்கடை. டியூஷன் விடும் நேரமாகப் பார்த்துப் போய், முக்காலி போட்டு உட்கார்ந்தோம். இரண்டு பெண்கள் அங்கே உட்கார்ந்து நிதானமாக டீயை ஊதிக் குடிப்பதை அந்தச் சந்து அதற்கு முன் பார்த்ததில்லை. வரிசை மெல்ல நெளிந்தது. கொஞ்ச நேரத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு விபரீதம் தெரியவந்தது. வரிசையில் பாதிப்பேர் என் பழைய மாணவர்கள்.

"மிஸ்! வணக்கம் மிஸ்!" தாடி வைத்த ஒருவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "மாத்திரை வாங்க வந்தேன் மிஸ்."

"ரொம்ப நல்லதுப்பா. எத்தனால் ஃபார்முலா ஞாபகமிருக்கா?"

"சி டூ ஹெச் ஃபைவ் ஓ ஹெச், மிஸ்."

"படிப்பு வீண் போகல டீச்சர்" என்றார் அக்கா.

அவன் போன வேகத்தில் வரிசையிலிருந்து இன்னும் நாலைந்து பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது. ஒருவர் மட்டும் அசையவில்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டே வரிசையில் நின்றவர் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடப் பேன்ட்டுக்கு மேலே டி-ஷர்ட் மாட்டிய பையன் ஒருவன் அவரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொன்னான். முகத்தில் அத்தனை துயரம். ஹெல்மெட் இரக்கத்தோடு ஆடியது. தன் பங்கோடு இன்னொன்றும் வாங்கிக்கொண்டு அவர் திரும்பியபோது இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது.

அக்கா என் தொடையைக் கிள்ளினார். பிறகு எழுந்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்போலக் கைகூப்பி, "வாங்க சார்!" என்றார்.

செயலாளர் ஹெல்மெட்டின் கண்ணாடியைப் படக்கென்று இறக்கினார். அதற்குப் பிரயோஜனம் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், மறுபடி மெதுவாக ஏற்றினார். "பாவம் மேடம்... இந்தப் பையனோட அப்பாவுக்குக் கால் எலும்பு முறிஞ்சு படுத்த படுக்கையாம்..."

"அப்படியா? போன வாரம்தான் எங்க கடையில புது ஷூ வாங்கினாரு. ரெண்டு காலுக்கும்."

பையன் சந்தின் கோடியில் மறைந்துகொண்டிருந்தான்.

அன்றைக்கு அவரைக் கேலிசெய்ய எனக்கு ஏகப்பட்ட வசனங்கள் தோன்றின. ஆனால் அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் வெளுத்திருந்தது. "இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு பசங்களுக்கு வாங்கிக் குடுத்திருக்கேன் மேடம். உதவின்னு நெனச்சேன். மூணாவது மாடிப் பையனுக்கு வாங்கினவன்கூட என்னை மாதிரி யாரோ பாவம் பார்த்தவனாத்தான இருப்பான்?" என்றார். நான் அவருக்கும் ஒரு டீ சொன்னேன். அதிகம் சர்க்கரை போட்டு.

அதன்பிறகு எங்கள் குடியிருப்புப் பெண்கள் முறைவைத்து டீ குடித்தோம். கூட்டம் சேர்க்கவில்லை, கோஷம் போடவில்லை. சிலர் அவரைக்காய் ஆய்ந்தார்கள். நான் விடைத்தாள் திருத்தினேன். வருகிறவர்களிடம், "தம்பி, அம்மா சௌக்கியமா?" என்று மட்டும் விசாரித்தோம். கோஷத்தைத் தாங்குகிற ஆண்களால் இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. கடைசியில், கடையை ஒட்டி ஊறுகாய், தண்ணீர் பாட்டில் விற்கும் பெட்டிக்கடைக்காரர் எங்களிடம் வந்தார்.

"அக்கா, இன்னாக்கா இது? டெய்லி வந்து குந்திகினு கீறீங்க. யாவாரம் ஃபுல்லா பேஜாராயிடுச்சு. உங்களுக்கு இன்னாதான் வோணும்?"

"டீ வேணும். அப்புறம், பெரியவங்க பசங்களுக்கு வாங்கித் தரக்கூடாது. அவ்ளோதான்."

"அத்த நான் எப்டிக்கா கேட்டுகினு இருக்கறது?"

"நீங்க கேக்க வேணாம். எழுதிப் போடுங்க."

மறுநாள் அவர் கடை முகப்பில் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். கறுப்பு மையில், கோணல் எழுத்தில்: "பசங்களுக்கு வாங்கித் தருபவர்கள் முதலில் எதிரே டீக்கடையில் டீச்சரைப் பார்க்கவும்." என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. என் பணிக்காலத்தில் இவ்வளவு வெற்றிகரமான அறிவிப்புப் பலகையை நான் கண்டதில்லை.

கேமராத் திட்டத்தைச் செயலாளரே கைவிட்டார். அடுத்த கூட்டத்தில், சந்தில் நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னார். நாங்கள் யாரும் சொல்லச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் பெரியவர்கள் கூடினால் பிள்ளைகளை ஐஸுக்கும் மிக்சருக்கும் அனுப்பக்கூடாது, கண்ணெதிரே குடிக்கவும் கூடாது என்றார். கார்கள் மாலையில் இரண்டு மணி நேரம் தெருவில் நிற்கட்டும், பிள்ளைகள் கீழே விளையாடட்டும் என்றார். மாடிப் பார்ட்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். என் கணவர் ஒரு வாரம் என்னோடு அளந்து பேசினார். பிறகு ஒருநாள் மாலை, ஷூ போட்டுக்கொண்டு கோல்கீப்பராக நிற்கப் போய்விட்டார். அவரைத் தாண்டிப் போகாத பந்தே கிடையாது. பையன்களுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

முதல் வாரத்திலேயே பந்து காம்பவுண்டைத் தாண்டிப்போய் செயலாளர் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பெயர்த்தது. விளையாட்டு அப்படியே உறைந்தது. அவர் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்தார், எதையோ விழுங்கினார், "நல்ல ஷாட்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாம் மாடிப் பையன் ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. வந்தபோது நண்பர்கள் அவனுக்கு 'மோட்டார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் அதை ஏற்றுக்கொண்டான். ஒரு மாலை, பந்தாட வந்த சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து, டிரிப்ஸ் ஊசி ஏறிய இடத்தைக் காட்டிக் கொஞ்சம் மிகையாகவே விவரித்துக்கொண்டிருந்தான். ஊசியின் நீளம் அவன் முழங்கைவரை இருந்தது. நான் திருத்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தச் சந்தில் எங்களுக்குப் பயந்தவர்கள் வேறு சந்துகளைக் கண்டுபிடித்திருப்பார்கள். சமீபத்தில் பெருங்களத்தூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். மண்டபத்தின் பின்னால் கார்களுக்கு நடுவே வழக்கமான உறவுக்காரர் கூட்டம். என் கணவரின் தம்பி என் மகனைத் தோளில் கைபோட்டு அழைத்து, ஒரு காகித டம்ளரை நீட்டுவதை, கைகழுவும் இடத்திலிருந்து பார்த்தேன். போய்த் தட்டிவிட வேண்டும் என்று காலெல்லாம் பரபரத்தது. போகவில்லை. என்ன செய்கிறான் என்று பார்ப்போமே என்று நின்றேன். மகன் ஏதோ சொன்னான், டம்ளரை அவரிடமே தள்ளினான், சிரித்துக்கொண்டே மண்டபத்துக்குள் ஓடினான்.

வீடு திரும்பும்போது வண்டியில் கேட்டேன். "சித்தப்பாகிட்ட என்னடா சொன்ன?"

"அம்மா பார்த்துட்டு இருக்காங்கன்னு சொன்னேன்."

"அப்ப நான் பார்க்கலைன்னா?"

ஜி.எஸ்.டி. சாலையில் வெளியூர்ப் பேருந்துகள் எங்களை உரசிக்கொண்டு போயின.

"பாதி உனக்காகத்தான் வேணாம்னேன்" என்றான்.

"மீதி?"

"ஐஸ்கிரீம் கவுன்ட்டர் மூடப்போறாங்கன்னு."