சுவரோரம் போகும் வண்டி

எங்கள் பாவாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வயசாயிடுச்சு, விட்டுத் தள்ளு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்களுடைய நைனாவை எவனும் நடுரோட்டில் நிறுத்திவைக்கவில்லை. நைனா என்றால் அப்பா, பாவா என்றால் என் அக்காவின் புருஷன். நேரில் பேசும்போது வாங்க, போங்க என்று வாய் நிறைய மரியாதை கொடுத்திருக்கிறேன். இங்கே அவன் என்றுதான் எழுதப்போகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. திருத்தணியில் மலைக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நைனாவும் நானும்தான். நைனாவுக்குச் சுற்றுவட்டார ஏரிகளில் மீன் பிடிக்கிற தொழில். அவரிடம் இரண்டு தகரத் தோணிகள் இருந்தன. ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் டிரம்மை வெட்டி, தகட்டை நிமிர்த்தி, இரண்டு முனையையும் கூராக மடக்கி, மூட்டுகளில் தாரைக் காய்ச்சி ஊற்றி அவரே செய்தவை. ஒரு ஆள் கால் நீட்டி உட்காரலாம், அவ்வளவுதான் அகலம். ஒன்று பெரியது, இன்னொன்று அதற்குள் அடங்கும். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். ஆனால் தகரம் ஆயிற்றே, இடித்தால் நெளியும், குலுக்கினால் மூட்டு விட்டுப்போகும். ஏரிக்கு ஏரி அவற்றைக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு.

அதற்குப் பாவாவின் கட்டைவண்டியை நம்பியிருந்தோம். வண்டிக்குக் கூலியாக வலையில் விழுவதிலேயே நல்ல விராலாகப் பார்த்து எடுத்துக்கொள்வான். எடுத்துக்கொண்டு, "சொந்தம்னு பாக்கறேன், இல்லாங்காட்டி எவன் வருவான் இந்தத் தகரத்துக்கு?" என்று சொல்லியும் காட்டுவான். நைனா சிரித்துக்கொள்வார். மகளைக் கொடுத்த இடம், வேறு என்ன செய்வார்?

ஒருநாள் நைனாவும் நானும் கூடப் போகும்போது, கே.ஜி.கண்டிகை டீக்கடை எதிரில் வண்டியை நிறுத்தினான். யாரோ ஆலைக்குக் கரும்பு ஏற்ற வண்டி கேட்டார்கள். இவனுக்கு உடனே போகணும். தோணிகளை இறக்கிவைக்கக்கூட இல்லை, வண்டியிலிருந்து காலால் உந்தித் தள்ளினான். தகரம் ரோட்டில் விழுந்த சத்தத்துக்கு டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"இன்னா மாப்ள இது, நடுவழியில..." என்றார் நைனா.

"மாமா, உன் தொழிலுக்கு என் மாடு தேயுது. ரெண்டு தகரம்தானே, தலைமேல வச்சினு போ" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நைனா தோளில் இருந்த துண்டை எடுத்துச் சும்மாட்டாகச் சுருட்டினார். அவர் அதைத் தலையில் வைத்ததைப் பார்த்த எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. விழுந்ததில் பெரிய தோணியின் அடிமூட்டு விட்டிருந்தது, வெளியே தெரியவில்லை. மறுநாள் நடு ஏரியில் தண்ணீர் உள்ளே புகுந்தது. நைனாவுக்கு நன்றாக நீச்சல் தெரியும், ஆனால் கால் வலையில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் தலைமயிரைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தார். தோணியையும் தாரூற்றிச் சரிசெய்தார். ஆனால் அதற்கப்புறம் முழங்கால் தண்ணீரில் இறங்கினாலே அவருக்குக் கால் நடுங்கும். "யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

காய்ச்சலில் கிடந்தபோது பாவா பார்க்க வந்தான். உட்கார்ந்து சோறு தின்றான். "வயசான காலத்துல தண்ணிக்கு இன்னாத்துக்குப் போவணும்?" என்று புத்தி சொன்னான். அக்கா நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், அவன் எழுந்ததும் கூடவே எழுந்து போனாள். சரி, இவளும் அவன் கட்சிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த மாதமே கேள்விப்படுகிறோம், பாவா நாகலாபுரம் பக்கத்திலிருந்து இரண்டு மரத்தோணி வாங்கிவிட்டானாம். எங்கள் தொழிலிலேயே இறங்குகிறான் பாவி!

இனி அவன் குறி பொதட்டூர்பேட்டைக்கு அந்தப்பக்கம் இருந்த ஏரிதான் என்பது எனக்குத் தெரியும். கோடையில் அந்த ஏரித் தண்ணீரெல்லாம் வற்றி மதகுப் பள்ளத்தில் வந்து நிற்கும். மீனும் அங்கேதான் நிற்கும். குத்தகைக்காரர் நாள் குறித்துச் சொல்வார். ராத்திரியில் யாரும் கரையில் தங்கக் கூடாது. அன்றைக்கு விடிந்ததும் எவன் முதலில் இரண்டு தோணி இறக்கி, நடுவே வலையைக் கட்டுகிறானோ, அந்தக் கோடை முழுக்க மதகு அவனுக்கு. மற்றவர்கள் சேற்றில் கெளுத்தி தடவவேண்டியதுதான். வழக்கமாக நைனாவும் ஒரு கூட்டாளியும் இறங்குவார்கள். அந்தக் கூட்டாளியையும் பாவா இழுத்துக்கொண்டான்.

"இந்தத் தபா மதகு கெடைக்கலன்னா தகரத்த எடைக்குப் போட்டுடலாம்மா. கரும்பு வெட்டப் போறேன்" என்றார் நைனா. பாவா கரும்பு ஏற்றுகிற இடத்தில் எங்கள் நைனா கரும்பு வெட்டுவாராம். நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் அது நடக்காது என்று நினைத்துக்கொண்டேன். "நானும் தோணி தள்றேன் நைனா. வண்டி நான் பாக்கறேன்" என்றேன்.

வண்டி தேட ஆரம்பித்தேன். முதலில் பழக்கடைக்காரரின் தள்ளுவண்டியைக் கேட்டுப் பார்த்தேன். நாலு சக்கரம், ஒரு பள்ளத்தை இரண்டு தடவை இடிக்கும். மேல்பலகையில் தோணி வழுக்கிக்கொண்டே இருந்தது. அரக்கோணத்தில் ஒரு வெல்டர் இரும்பிலேயே செய்து, ஸ்கூட்டர் டயர் போட்டுத் தருகிறேன் என்றார். அவர் செய்துவைத்திருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், இடுப்பு ஒடிந்துவிட்டது. தோணியைவிட வண்டி கனம் என்றால் அந்த வண்டியைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டுமே! ஸ்டேஷன் வாசலில் ஓட்டை ரிக்‌ஷா ஒன்று கிடந்தது. பின்சக்கரமும் அச்சும் நன்றாகத்தான் இருந்தன. மடியிலிருந்து ஒரு நூலை எடுத்து அகலத்தை அளந்தேன். அகலம் அதிகம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அந்த நூலில் ஒரு முடிச்சு இருந்தது. அதுதான் என் கணக்கு. வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

பொதட்டூர்பேட்டையில் தறிவீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சிநேகிதி ஒருத்தி எனக்கு இருந்தாள். ஏரிக்குக் குறுக்கு வழி அவள் தெரு. அங்கே விடியற்காலையில் பாவு போடுவார்கள். நூலைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு, வெயிலில் காயவிடுவார்கள். பாவு கிடக்கும்போது அந்தத் தெருவில் வண்டி போகாது. சுவரோரமாக ஒரு ஆள் நடக்க மட்டும் இடம் விடுவார்கள். பாவை அறுத்தவன் அந்த ஊருக்குள் மறுபடி வண்டி ஓட்ட முடியாது. பாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தைத்தான் நான் நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். அதில் போகிற வண்டி எனக்கு வேண்டும், பாவாவின் வண்டி வெளியே நிற்கவேண்டும்.

கடைசியில் மலையடிவாரத்து சைக்கிள் கடைக்காரர்தான் கைகொடுத்தார். நீளமான அச்சு போட்டால் தோணி அதற்கு மேலே உட்காரும், உயரம் ஏறினால் குடைசாயும். அதனால் பழைய சைக்கிளின் முன்பக்கக் கவையோடு சக்கரத்தை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சவுக்குக் கழியில் கட்டச் சொன்னேன். நடுவில் அச்சே கிடையாது. கழிக்குக் கழி பழைய டியூபைக் குறுக்கே பின்னி, அதன்மேல் தோணியைத் தொங்கவிட்டால் ரோட்டு இடி தகரத்துக்குப் போகாது. சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னேன், முன்பாரம் லேசாகக் கையில் இருந்தால்தான் இழுக்க வாகாக இருக்கும்.

கட்டி முடித்ததும் கடைக்காரர் தள்ளி நின்று பார்த்தார். "ஏம்மா, இன்னா இது பாடை மாதிரி கீது? யாருக்கு?"

"ஆங், எங்க பாவாவுக்குதான்" என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

டியூப் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்துக் கட்டி, கல்லு ரோட்டில் ரயில்வே கேட் வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். குடம் ஆடியது, தண்ணீர் கொட்டவில்லை. ஒற்றைக் கையால் இழுக்க முடிந்தது. நூலை வைத்துப் பார்த்தேன், முடிச்சுக்குள் அடங்கியது.

ஏரி திறக்கிற நாள் கிருத்திகைக்கு மறுநாள் என்று சொன்னார்கள். கிருத்திகையன்று எங்கள் ஊரில் எவரும் மீன்சட்டியை அடுப்பில் ஏற்றமாட்டார்கள், மறுநாள் மீனுக்கு ஆலாய்ப் பறப்பார்கள். பாவாவுக்கும் அந்த நாள் ரொம்ப சௌகரியம். கிருத்திகைக்கு மலையேறிவிட்டு வந்த தறிக்காரர்கள் மறுநாள் காலையில் பாவு போடமாட்டார்கள், அசந்து தூங்குவார்கள். தெரு காலியாக இருக்கும், வண்டியை நேராக ஓட்டலாம். அவன் போட்ட கணக்கு அது. மூன்று தலைமுறையாக நடக்கிற வழக்கம்தான், தப்புச் சொல்ல முடியாது. நான் போய் என் சிநேகிதியின் கையைப் பிடித்தேன். "அன்னிக்கு மட்டும் ஒரு பாவு போடுடி." அவள் மாமியாருக்கும் பாவாவைத் தெரியும். ஒருமுறை அந்த அம்மாவின் நூல் மூட்டையை மழையில் இறக்கிவிட்டுப் போனவனாம். "போட்டுட்டாப் போச்சு" என்றாள் அந்த அம்மா. ஊரெல்லாம் பகை சேர்த்துவைத்திருக்கிறான் பாருங்கள்!

முந்தின நாளே போய் அவர்கள் தறிக்கொட்டகையில் படுத்தோம். கிழக்கு வெளுக்கும்போது தெருவில் பாவு ஏறிவிட்டது. நான் முன்னால் இழுக்க, நைனா பின்னால் பிடிக்க, சுவரோரமாக நுழைந்தோம். ஒருபக்கம் சக்கரம் சுவர்ச் சுண்ணாம்பை உரசியது, மறுபக்கம் ஈரக் கஞ்சி என் முழங்கையில் பட்டது. பாதித் தெரு தாண்டும்போது பின்னால் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

"ஏய்! இன்னிக்குப் பாவு போடற நாளே இல்லையே! எடுங்க, எடுங்க!" பாவாவின் குரல்தான். வண்டியில் மரத்தோணி இரண்டும், கூட்டாளியும், மதியத்துக்குச் சோற்றுப்பானையோடு அக்காவும் இருந்தார்கள்.

மாமியார்க்காரி பிரஷை நிறுத்தாமல் சொன்னாள்: "கஞ்சி ஈரமா கீதுய்யா. இப்ப அவுத்தா நூலு ஒட்டிக்கும். காயட்டும்."

நான் நின்று, திரும்பி, நல்ல மரியாதையாகச் சொன்னேன்: "வெயில் ஏறினதும் வாங்க பாவா. மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவன் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அந்தத் தெருவில் மாட்டைத் திருப்பவும் முடியாது. வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, ஊரைச் சுற்றிக்கொண்டு வயல் வழியாக வரவேண்டும். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்?

ஏரிக்கரையில் குத்தகைக்காரரின் ஆள் மட்டும் நின்றிருந்தார். பெரிய தோணியை இறக்கி, வலையின் ஒரு முனையோடு நான் ஏறி உட்கார்ந்தேன். நைனா சின்னத் தோணியைத் தண்ணீரில் தள்ளினார். ஒரு காலை உள்ளே வைத்தார். கால் நடுங்கியது. எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். தோணி முழுக்கக் கிடுகிடுவென்று ஆடியது. அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டாவது தோணிக்கு ஆள் எங்கம்மா? ஒத்தத் தோணிக்கு மதகு கெடையாது" என்றார் அந்த ஆள்.

நான் யாரை அனுப்புவேன்? இத்தனை செய்தும் பாவா வந்து இரண்டு தோணியை இறக்கி மதகை எடுத்துக்கொள்ளப் போகிறான் என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது கரைமேல் ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அக்கா! பாவு கிடந்த இடத்திலேயே வண்டியை விட்டு இறங்கி, சுவரோரமாக நடந்து வந்திருக்கிறாள். புருஷனுக்காகச் சண்டை போட வருகிறாள் என்றுதான் நினைத்தேன். வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்று நானும் எழுந்து நின்றேன்.

அவள் சோற்றுப்பானையைக் கரையில் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். "நவுரு நைனா" என்று சொல்லிவிட்டுச் சின்னத் தோணியில் ஏறி உட்கார்ந்து, வலையின் மறுமுனைக்குக் கையை நீட்டினாள்.

"உன் வூட்டுக்காரன் வந்துகினு கீறான்" என்றேன்.

"வரட்டும்" என்றாள்.

பள்ளத்தின் குறுக்கே வலையைக் கட்டி முடித்தோம். குத்தகைக்காரரின் ஆள் கையைத் தூக்கி, மதகு உங்களுக்கு என்று சொன்ன பிறகுதான் பாவாவின் வண்டி கரையேறியது. தண்ணீரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததும் குதித்து இறங்கினான்.

"எறங்குடி! யாரு வூட்டுச் சோறு துன்னுகினு யாருக்கு வலை கட்றே?"

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவரு எனக்கும் நைனாதான்யா."