கோமளாவின் பத்தியம்

டெல்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்ப்பில் கோமளாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. தண்ணீர் லாரிக்காரர், ரேஷன் கடைக்காரர், கிட்வாய் நகரில் அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டுக்காரிகள், எல்லோருமே தோற்ற கட்சி. அந்த வீட்டுக்காரிகளில் நானும் ஒருத்தி. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா என்று பெயர், ஆனால் இன்றைக்கும் ஹிந்தியில் எனக்கு நாக்கு தந்தியடிக்கும். கோமளா ஹிந்தியில் சண்டையே போடுவாள்.

2001 கோடையில் அவள் மகள் மீனாக்ஷிக்கு வயிற்றில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆறு வயதுக் குழந்தை. விட்டு விட்டுக் காய்ச்சல், வலி; சோற்றுத் தட்டைக் கண்டாலே எழுந்து ஓடிவிடும். முதலில் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். கட்டி அசையவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணையாக நானும் போனேன். அங்கே, கேன்சராக இருக்குமோ என்று துளி சதையை எடுத்துச் சோதித்தார்கள். வந்த பதில் யாரும் எதிர்பாராதது. குடலில் பூஞ்சையாம்! மண்ணிலும் மக்கின இலையிலும் கிடக்கிற பூஞ்சை, எப்போதாவது எங்கேயோ ஒரு குழந்தையின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம்.

"நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் குடியிருந்தால் இப்படித்தான்" என்று அங்கிருந்த சின்ன டாக்டர் ஹிந்தியில் முணுமுணுத்தார். கோமளா விடுவாளா?

"எங்க கேம்ப்பே அந்த நாலா ஓரந்தான் ஸாப். வேற ஒரு புள்ளைக்கும் வரலியே, அது ஏன்?" என்று அதே ஹிந்தியில் திருப்பிக் கேட்டாள்.

பெரிய டாக்டர் சேஷன் சிரித்துவிட்டார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் கொஞ்சம் நொண்டும். "அவங்க சொல்றது கரெக்ட். இது யாருக்கு வரும்னு சொல்லவே முடியாது" என்றார். பிறகு எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். கேப்சூல் பல மாதம் சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்குப் பின்னால். கட்டி சுருங்காவிட்டால் குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். அப்புறம் குழந்தை எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவது கஷ்டம்.

"வெட்ட விடமாட்டேன். மருந்த நான் பாத்துக்கறேன்" என்றாள் கோமளா.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். மருந்து என்றால் பத்தியம் உண்டே! எண்ணெய் கூடாது, புளி கூடாது, தேங்காய் கூடாது. நொய்யில் தண்ணீராகக் கஞ்சி, உப்புக்கல் ஒன்று, அதன் பிறகு கேப்சூல். குழந்தை ஏங்கிவிடக் கூடாதென்று தானும் அதே கஞ்சியைக் குடித்தாள். தீபாவளிக்குக் கேம்ப் முழுக்க முறுக்கு வாசனை. அவள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே ஏறவில்லை. எங்கள் வீட்டில் கஷாயம் குடித்தாலும் இதே கதைதான், அதனால் எனக்கும் அது தப்பாகப் படவில்லை.

தீபாவளி கழிந்து போனபோது டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கட்டி அப்படியே இருந்தது. அடுத்த வாரம் ஆபரேஷன் என்றார்.

"ஒரு வேளகூடத் தவற விடல டாக்டர். பத்தியம் சுத்தமா இருந்தோம்" என்றாள் கோமளா. குரலில் நடுக்கம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"பத்தியம்னா? என்ன குடுத்தீங்க?"

அவள் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, இந்த மருந்து நெய், எண்ணெய் எல்லாம் சேர்ந்த ஃபுல் சாப்பாட்டோட போனாத்தான் உடம்புல ஏறும். கஞ்சியோட குடுத்தா முக்கால்வாசி வேஸ்ட்."

"அத மொதல்லயே சொல்ல வேணாமா? சாப்பாட்டுக்கு அப்புறம்னீங்க. கஞ்சியும் சாப்பாடுதானே?"

"சொல்லியிருக்கணும். என் மேலதான் தப்பு" என்றார் டாக்டர். எனக்கு அந்த மனுஷர் மேல் அன்றுதான் மரியாதை வந்தது. ஒரு மாதம் தவணை கொடுத்தார். காய்ச்சல் ஏறினால் அந்த நிமிஷமே கூட்டி வர வேண்டும்.

அன்று சாயங்காலமே கோமளா நல்லெண்ணெய் மிதக்கப் புளிக்குழம்பு வைத்தாள். அடுத்த வீட்டுப் பஞ்சாபிக்காரியிடம் ஆலூ பராட்டா போடக் கற்றுக்கொண்டு, வெண்ணெயை அள்ளி வைத்தாள். ஆனால் குழந்தைக்குப் பசி என்பதே இல்லையே! ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்சல், மிரட்டல், நிலாவில் பாட்டி கதை. வேலை முடித்து இடுப்பொடிந்து வந்த பிறகும் கோமளா அசரவில்லை. "வெட்ட விடமாட்டேன்னு சொல்லிட்டேன் இல்ல" என்பாள்.

மாதம் முடிந்தது. ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார் டாக்டர். கோமளா நிமிர்ந்து நின்றாள்.

"பாதிகூட இல்ல இப்ப. ஆபரேஷன் வேண்டாம். மருந்தை மட்டும் இப்படியே குடுங்க."

"அப்படின்னா அடுத்து எப்ப வரணும் டாக்டர்?" என்று கோமளா கேட்டுக்கொண்டிருக்கும்போதே மீனாக்ஷி அவள் புடவையைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, பூக் லகீ ஹை."

பசிக்கிறதாம். யாரும் கேட்கவில்லை, தானாகவே சொன்னது. கோமளா அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு" என்றாள்.