சூட்டுக் காவலர் என்றொரு சொல்

பூச்சி உருண்டை மணக்கும் கடிதம் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் ஒரு சொல் மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளது; அடித்த கை என்னுடையது. அண்மையில் வவுனியாவில் ஒரு திருமணப் பந்தியில், "அந்தப் பயிற்சி ரீச்சர் கடற்கரைப் பிள்ளையை வேணுமெண்டே ரீமிலயிருந்து வெட்டினவா" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிச் சிரித்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவர் சொன்ன ரீச்சர், எங்கள் அணியின் பயிற்றுநராயிருந்த அம்மையார், நாட்டைவிட்டுப் போய்விட்டார், மறுத்துரைக்க வரமாட்டார். நடந்ததை முழுமையாக அறிந்தவன் நான். ஆதலால் இதனை எழுதிவைத்தல் என் கடன்.

வவுனியா வணிகர் ஒருவர் ஊதியம் கொடுத்து மகளிர் கூடைப்பந்து அணியொன்றை அமைத்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் அதன் செயலாளன். பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அணியின் கடிதமெல்லாம் தூய தமிழில் போகவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். அம்மையார் ஊதலை அரிதாகவே ஊதுவார். வளையத்தின் கீழே கண்ணை மூடி நின்று, விழும் பந்தின் ஒலியைக் கேட்பார். வளையத்தில் படாமல் இறங்கும் பந்துக்கு வலை ஒரு மூச்சு விடுமாம். அதைக் கொண்டே எறிந்தவர் யாரென்று சொல்லிவிடுவார்.

முதல் ஆட்டத்திற்கான ஐவரில் நால்வர் உறுதியாயினர். தொலைவில் நின்று பந்தைக் கூடைக்குள் எறிபவரின் இடம் மட்டும் எஞ்சியது. ஆங்கிலத்தில் அதனை ஷூட்டிங் கார்ட் என்பர். அந்த இடத்திற்கு இருவர் இருந்தனர்: ஒருத்தி நகரத்துப் பெண், அணித்தலைவி, குறி தவறாதவள். மற்றவள் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி ஒருவரின் மகள். கடற்காற்றில் திறந்த வெளியில் பழகியவளாதலால் பந்தைத் தாழ எறிவாள், பாதி தவறும். ஆயினும் அம்மையார் அவளையே தெரிந்தெடுத்தார். ஏனென்று கேட்டேன். "நல்ல நாளில ஆரும் போடுவினம் சேர். மூண்டு பிழைச்சாப் பிறகும் முகம் மாறாமல் நாலாவதை எறியிற ஆள்தான் எனக்கு வேணும்" என்றார்.

தெரிவுக் கடிதத்தில் அந்த இடத்தின் பெயரைச் 'சூட்டுக் காவலர்' என்று எழுதினேன். அம்மையார் படித்துவிட்டுத் தயங்கினார். "சேர், இந்தச் சொல் எங்கட சனத்துக்குச் சரிவருமோ?" "பொருள் பிசகாத மொழிபெயர்ப்பு" என்றேன் பெருமையோடு. "ஓம், நீங்கள் படிச்ச ஆள்" என்று கையொப்பமிட்டார். கடிதம் கிடைப்பவர் மட்டும் ஆட்டத்திற்கு வருக என்று வீராங்கனைகளுக்கு அறிவித்தவனும் நானே.

ஆட்டத்தன்று கடற்கரைப் பெண் வரவில்லை. அவளுடைய செல்பேசி அணைந்திருந்தது. அம்மையார் வாயிலைப் பார்த்தபடியே நின்று, மாற்று வீராங்கனையாகக் கடிதம் பெற்று வந்திருந்த அணித்தலைவியைக் கடைசி நொடியில் இறக்கினார். தோற்றோம். மறுநாள் காலை அம்மையாரும் நானும் முல்லைத்தீவுப் பேருந்தில் ஏறினோம்.

வீட்டு முற்றத்தில் தாய் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். மகள் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கடிதம் வரேல்லை ரீச்சர். என்னை எடுக்கேல்லையெண்டு விளங்கியிட்டுது. அதுதான் போனை நிப்பாட்டிப்போட்டன்." தாய் எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் ஓசை கேட்டது. சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துவந்த கடிதத்தை அம்மையாரிடம் நீட்டினார்.

"நான்தான் ஒளிச்சு வைச்சனான். என்ர மூத்தவனை ஒரு சூட்டிலதான் பறிகுடுத்தனான், ரீச்சர். காவலுக்கு நிண்டு சுடுற வேலைக்கு இவளையும் விடமாட்டன். பந்து விளையாட்டெண்டுதானே சொன்னனீங்கள்?"

மகள் திகைத்துப் போனாள். அம்மையார் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் சினம் இல்லை. பின்பு தாயிடம், "அக்கா, பிழை எங்கட. ஒருதரும் சுடுறேல்லை" என்றார். முற்றத்து மூலையில் கிடந்த பனையோலை மீன் கடகத்தை மகளிடமிருந்து பத்து அடி தள்ளி வைத்தார். வேலியோரத்து எலுமிச்சையில் நான்கு காய் பறித்து அவளிடம் கொடுத்தார். முதல் மூன்றும் வெளியே விழுந்தன. நான்காவது உள்ளே விழுந்து உருண்டது.

தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண் கலங்கியிருந்தது. "உதுக்கே இவ்வளவு பெரிய பேர் வைச்சனீங்கள்? எந்த அறுவான் எழுதினவன்?"

"கந்தோரில எழுதினது அக்கா" என்று, என் பெயர் சொல்லாமல் அலுவலகத்தின் மேல் போட்டார் அம்மையார். தாய் விடவில்லை. "பிள்ளை வரட்டும். ஆனால் அந்தச் சொல்லை வெட்டிப்போட்டுப் போங்கோ. அது இந்த வீட்டுக்க இருக்கக்கூடாது." அம்மையார் தம் பேனாவை என்னிடம் நீட்டினார். முழந்தாளில் கடிதத்தை வைத்து அடித்தேன். மேலே எழுத மாற்றுச் சொல் தேடினேன். நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவனுக்கு ஒன்றும் வரவில்லை. தாயோ கடிதத்தையே வேண்டாமென்று என்னிடம் விட்டுவிட்டார்.

அடுத்த ஆட்டத்திலிருந்து அவளே தொடக்க வீராங்கனை. ஆனால் முதல் தோல்விக்கு விளக்கம் கேட்டு, அணியின் நிறுவனராகிய வணிகர் கூட்டம் வைத்தார். "நான் போன் எடுத்துச் சொல்லியிருக்க வேணும். பிழை என்ர" என்றார் அம்மையார். நான் அருகிலேயே இருந்தேன். குறிப்பேட்டில் அதனை அழகிய கையெழுத்தில் எழுதவும் செய்தேன். ஆண்டு முடிவில் அவருக்கு மறு நியமனம் கிடைக்கவில்லை. விடைபெற வந்தபோதும் அந்தச் சொல்லைப் பற்றி அவர் பேசவில்லை. "தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கோ சேர்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

இன்று காலை கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அடித்த சொல்லின் மேலே இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. எலுமிச்சை நான்கா ஐந்தா, ஆட்டம் நடந்தது எந்தக் கிழமை என்பன போன்றவற்றில் என் நினைவு பிசகியிருக்கலாம். அன்று உடனிருந்தோர் திருத்தித் தருக. அந்த வெற்றிடத்திற்கு, ஒரு தாய் அச்சமின்றிப் படிக்கத்தக்க சொல் எவரிடமேனும் இருந்தால் அதனையும் எழுதியனுப்புக. பிழை யாருடையது என்பதில் மட்டும் எவரும் திருத்தம் செய்யவேண்டாம்.