துருப்பிடிக்காத தகடுகள்

கடலோரத்தில் இரும்பைத் தொங்கவிட்டு, அது துருப்பிடிக்காமல் காப்பாற்றுவதுதான் உலோக ஆராய்ச்சி என்று நான் நம்பினேன். நம்பிக்கை சும்மா இல்லை. நான்கு மாதத் தேங்காய் எண்ணெய் செலவானது.

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் இருந்த காலம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரிச் சோதனைச்சாலையில் நான் தற்காலிக உதவியாளன். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மண்டைக்காட்டுக் கடற்கரையில் மரச்சட்டம் நட்டு, எண் பொறித்த இரும்புத் தகடுகளைக் கட்டினார். பிறகு ஆங்கிலத்தில் நெடுநேரம் விளக்கினார். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில், "பத்திரம்" என்றார். அது புரிந்தது. அவர் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னால் வேலை நிரந்தரம் என்று கல்லூரி முதல்வர் முன்பே சொல்லியிருந்தார்.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், உப்பைத் துடைத்து எண்ணெய் தடவினேன். தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

பேராசிரியர் தகடுகளைப் பார்க்க வரும் நாளில் முன்னதாகவே போய்த் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குடிசை மீன்காரர் வலையோடு வந்து நின்றார்.

"சாரே, இரும்பு எத்தன நாளுல துருப்பிடிக்கும்னு பாக்கத்தான அந்த ஐயா இத கட்டுனாரு. நீரு என்னத்துக்கு தொடச்சிக்கிட்டு கெடக்கீரு?"

"ஒமக்கு யாரு சொன்னா?"

"அவருதான். எங்கிட்ட தமிழ்லயில்லா பேசினாரு."

"இத முன்னமே சொல்லப்படாதா வோய்?"

"படிச்ச ஆளு, வேற காரியம் இருக்கும்னு நெனச்சேன்."

நான்கு மாதத் துருவை ஒரு மணி நேரத்தில் வரவழைக்க வேண்டும். மணலைப் போட்டுத் தேய்த்தேன். வாளியோடு கடலுக்கும் சட்டத்துக்குமாக ஓடினேன். எண்ணெய் ஊறிய இரும்பு தண்ணீரை ஒட்டவே விடவில்லை. நேற்றுவரை துரு வரக்கூடாதென்று பகவதியை வேண்டியவன், இப்போது வரச்சொல்லி வேண்டினேன். அம்மனே குழம்பியிருப்பாள்.

"கொஞ்சம் நில்லும் சாரே," என்றார் மீன்காரர். "இந்த வேர்வைக்கு ஒமக்குத்தான் மொதல்ல துருப்பிடிக்கும்."

கார் வந்து நின்றது. பேராசிரியர் தகட்டைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"தேங்காய் எண்ணெயா?"

"ஆமா சார்."

"எத்தனை தடவை?"

"வாரம் ஒண்ணு சார்."

அவர் திட்டவில்லை. பழைய தகடுகளைக் கழற்றிப் புதியவற்றைக் கட்டினார். அவற்றை மீன்காரர் பொறுப்பில் விட்டார். அடுத்த ஜூனில் என் இடத்துக்கு வேறொருவரை எடுத்தார்கள்.