சாம்பார் சிந்தாத கால்

இருதயராஜ் அண்ணனின் வலது காலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிராங்கூன் ரோட்டில் நாங்கள் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையிலிருந்து துவாஸ் தொழிலாளர் விடுதிக்கு, பதினாறு வருஷமாக ஒரே பழைய மினிவேனில், ஒரு சொட்டுச் சிந்தாமல் சாம்பார் கொண்டுபோன கால் அது. ஆக்சிலரேட்டர் பெடலை மிதிக்கவே மாட்டார், சும்மா தொட்டுக்கொண்டிருப்பார்.

போன வாரம் வேன் திடீர் திடீரென்று குலுங்க ஆரம்பித்தது. தொடர்ந்து மூன்று நாள் பாதிச் சாம்பார் வேன் தரையில்தான். துவாஸில் எல்லோரும் ரசத்தை ஊற்றிச் சமாளித்தார்கள்.

"வண்டி இல்ல ராஜ், உங்க கால்தான் நடுங்குது. வயசாச்சு லா," என்றார் முதலாளி சம்சுன்னிசா அக்கா. "திங்கக்கிழமையிலேர்ந்து வேற ஆள் ஓட்டட்டும். நீங்க கவுன்டர்ல நில்லுங்க."

அண்ணன் முகம் செத்துப் போனது. மறுநாள் காலை வேனை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்தார். நம்பாத அக்காவும் கூடவே ஏறிக்கொண்டார், நானும்தான்.

மெக்கானிக் இம்ரான் மீட்டரை மாட்டினார். "மெதுவா மிதிங்க அண்ணே."

முள் ஏறியது. ஏறும்போதே பொத்தென்று விழுந்தது.

"த்ராட்டில் சென்சார் போச்சு. நீங்க எவ்வளவு மிதிக்கிறீங்கன்னு எஞ்சினுக்குச் சொல்ற சாமான். அது தப்பாச் சொல்றதாலதான் வண்டி குலுங்குது."

கழற்றியதைப் பிளந்து அக்காவிடம் நீட்டினார். உள்ளே ஒரு கறுப்புப் பட்டை. முக்கால்வாசி புதுசு போலவே இருந்தது. ஆரம்பத்தில் மட்டும், ஒரு நக அகலத்துக்கு, தேய்ந்து வெளுத்திருந்தது.

"பாருங்கக்கா. மனுசன் இந்த இடத்தத் தாண்டி மிதிச்சதே இல்ல போல. வேற யாராச்சும் ஓட்டியிருந்தா பட்டை முழுக்கத் தேஞ்சிருக்கும்."

பதினாறு வருஷமும் அந்த நக அகலத்துக்குள்ளேயே! அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

இம்ரான் புதுசை மாட்டினார். மீட்டரைப் பார்த்துப் பார்த்து லேசாகத் திருப்பி, முள் சரியான இடத்தில் நின்றதும் ஸ்க்ரூவை முடுக்கினார்.

அன்று மதியம் அக்காவே துவாஸுக்கு வந்தார். சாம்பார் அண்டாவைத் திறந்துவைத்து, மூடியை மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக ஒரு சொட்டும் சிந்தவில்லை. விடுதி வாசலில் ஒரு லாரி குறுக்கே வர, அண்ணன் சட்டென்று நிறுத்தினார். அக்காவின் சேலையெல்லாம் சாம்பார்.

"அது பிரேக்குக்கா," என்றார் அண்ணன் பதறிப்போய். "கால் இல்ல."

"தெரியுது, தெரியுது." அக்கா முந்தானையில் ஒட்டிய முருங்கைக்காயை எடுத்துப் போட்டார். "திங்கக்கிழமை ஓட்டும்போது லாரியைப் பாத்து ஓட்டுங்க."